சீட்டில் விழுந்த வாரம்

எருசலேம் ஆலயத்துப் பலிபீடத்தில் நெருப்பு இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டும் என்பது லேவியராகமத்தின் கட்டளை. அந்த நெருப்பைக் காக்கும் உரிமை ஆரோன் வழிவந்த ஆசாரியர்களுக்கே இருந்தது. ஆனால் பிரதான ஆசாரியரையும் நிலையாகப் பொறுப்பில் இருந்த சில அதிகாரிகளையும் விட்டால், எந்த ஆசாரியரும் ஆண்டு முழுவதும் அந்த நெருப்பருகே நின்றதில்லை. ஆசாரியக் குலம் 24 வகுப்புகளாகப் பிரிந்திருந்தது. ஒரு வகுப்பு ஓர் ஓய்வுநாளில் ஊழியத்துக்கு வரும்; அடுத்த ஓய்வுநாளில் விடைபெறும். அதன் முறை திரும்பி வர ஐந்தரை மாதம் ஆகும். மூன்று பெருவிழாக்களில் எல்லா வகுப்பாரும் எருசலேமில் கூடினார்கள் என்பதைச் சேர்த்துக்கொண்டாலும், ஓர் ஆசாரியர் தம் குலப்பணியைச் செய்தது ஆண்டுக்குச் சில வாரங்கள்தான். மற்ற நாட்களில் அவர் யூதேயாவின் மலையூர் ஒன்றிலோ எரிகோவிலோ தம் வீட்டில் இருந்தார்.

பலிபீடம் ஒன்று, ஆசாரியர் ஏராளம், ஆகவே முறை வைத்தார்கள் என்று இதை முடித்துவிடலாம். நடைமுறைக் காரணம் அதுவாகவும் இருந்திருக்கும். ஆனால் இந்த முறையைப் பற்றி வேதநூலும் பிற்கால யூத மரபும் பதிந்து வைத்திருப்பவற்றைப் படிக்கும்போது, வேறொரு கவலையே அவற்றில் மேலோங்கித் தெரிகிறது. கடவுளுக்குச் செய்யும் பணி மனிதர் கையில் சொத்தாக மாறிவிடக் கூடாது என்பதே அந்தக் கவலை.

வகுப்புகள் பிரிந்த கதையை ஒன்று நாளாகமம் 24ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆரோனுக்கு நான்கு மகன்கள். நாதாபும் அபியூவும் பிள்ளையில்லாமல் இறந்துபோக, எலெயாசார், இத்தாமார் ஆகிய இருவரின் வழியே குலம் தழைத்தது. எலெயாசாரின் சந்ததியில் 16 குடும்பத் தலைவர்கள், இத்தாமாரின் சந்ததியில் 8 பேர். தாவீது அரசர் முன்னிலையில், சாதோக்கும் அகிமெலேக்கும் பார்த்திருக்க, இந்த 24 பேருக்கும் சீட்டுப் போடப்பட்டது. விழுந்த வரிசையை நெதனெயேலின் மகன் செமாயா என்ற லேவியர் எழுதி வைத்தார். முதல் சீட்டு யோயாரீபுக்கு, இரண்டாவது யெதாயாவுக்கு, எட்டாவது அபியாவுக்கு, பதினைந்தாவது பில்காவுக்கு, கடைசிச் சீட்டு மாசியாவுக்கு. ஒரு கிளை மற்றதைப்போல் இரண்டு மடங்கு பெரியது என்றாலும், தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைத்தது ஒரே அளவான ஒரு வாரம். அடுத்த அதிகாரத்தில் 288 பாடகர்களும் இதேபோல் 24 பிரிவுகளாகிறார்கள். அங்கே பெரியவர் சிறியவர், ஆசான் மாணவர் என்ற வேறுபாடு பாராமல் சீட்டுப் போட்டதாக நூல் தனியே குறிப்பிடுகிறது.

இஸ்ரவேலில் சீட்டு என்பது குருட்டு வாய்ப்பு அல்ல. கடவுளின் தீர்ப்பு மனித விருப்பு வெறுப்பைத் தாண்டி வெளிப்படும் வழி என்றே அதைக் கருதினார்கள். கானான் நாட்டைக் கோத்திரங்களுக்குப் பங்கிட்டதும் சீட்டுப் போட்டுத்தான். ஆசாரியருக்கு அந்தப் பங்கீட்டில் நிலம் கிடைக்கவில்லை. கடவுளே அவர்களின் பங்கு என்று எண்ணாகமம் சொல்லிவிட்டது. மற்றக் கோத்திரங்களுக்குச் சீட்டு வயலையும் மலையையும் தந்தது; ஆசாரியருக்கு அது ஒரு வாரத்தைத் தந்தது. நிலத்துக்கு வேலி போடலாம், விற்கலாம், பக்கத்து நிலத்தை வளைத்துப்போடலாம். வாரத்தை அப்படி எதுவும் செய்ய முடியாது. வரும்போது வாங்கிக்கொண்டு, முடியும்போது விட்டுவிட வேண்டும். ஆசாரியரின் உடைமை இப்படிப்பட்டதாக அமைந்ததில் ஆழ்ந்த பொருத்தம் இருக்கிறது.

24 என்ற கணக்கு தாவீதின் காலத்திலேயே முழுமையாக இருந்தது என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களின் பட்டியலில் ஆசாரியக் குடும்பங்கள் நான்குதான்; எஸ்றா நூல் தரும் எண்ணிக்கை மொத்தம் 4,289 பேர். நெகேமியா 12ஆம் அதிகாரத்தில் 22 பெயர்கள் வருகின்றன. கி.மு. 515ஐ ஒட்டி எழுந்த இரண்டாம் ஆலயத்தின் காலத்தில்தான் எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாக 24இல் நிலைத்திருக்க வேண்டும். திரும்பி வந்த நான்கு குடும்பங்களையும் தீர்க்கதரிசிகள் மறுபடி 24 ஆகப் பிரித்துச் சீட்டுப் போட்டார்கள் என்று யூதச் சட்ட அறிஞர்களான ரபிகளின் மரபும் நினைவில் வைத்திருக்கிறது. உடைந்துபோன ஒரு சமூகம், கோயிலைக் கட்டியெழுப்பியதோடு, யார் எந்த வாரம் நிற்பது என்பதையும் மறுபடி நெய்து எடுத்திருக்கிறது.

அந்த ஒரு வாரம் எப்படிக் கழிந்தது என்பதை, ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னா நெருக்கத்தில் காட்டுகிறது. ஆலயம் அழிந்து ஏறக்குறைய 130 ஆண்டுகளுக்குப் பிறகு தொகுத்த நூல் என்பதால் அதன் எல்லாத் தகவல்களையும் அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனாலும் அதன் தாமீத் என்ற பகுதியில் உள்ள விவரங்கள், பார்த்தவர்களின் நினைவிலிருந்து வந்தவை போலவே இருக்கின்றன. வகுப்பு குடும்பங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பம் ஏற்கும். அன்றைய குடும்பத்தார் இரவில் கணப்பு எரியும் மண்டபத்தில் படுப்பார்கள். முற்றத்துக் கதவுகளின் சாவிகள், தரையில் ஒரு சிறிய பளிங்குப் பலகைக்கு அடியில், சங்கிலியில் தொங்கும். கதவைப் பூட்டியதும் சாவிகளை அங்கே வைத்துப் பலகையை மூடி, அதன் மேலேயே தம் துணியை விரித்து ஓர் ஆசாரியர் படுத்துக்கொள்வார். இளையவர்களுக்குக் கட்டில் கிடையாது; தரையில்தான் படுக்கை. ஊழிய உடையில் தூங்கக் கூடாது. அதை மடித்துத் தலைமாட்டில் வைப்பார்கள்.

விடியுமுன் நடக்கும் முதல் வேலை பலிபீடத்துச் சாம்பலில் ஒரு பங்கை அள்ளி எடுப்பது. அதற்கு உரியவர் தனியாகப் போவார். கையில் விளக்கு இருக்காது. பலிபீடத்தில் எரியும் நெருப்பின் வெளிச்சமே அவருக்கு வழிகாட்டும். மற்றவர்கள் அவரைப் பார்ப்பதில்லை, அவர் அடிச்சத்தத்தையும் கேட்பதில்லை. பென் காத்தீன் என்பவர் வெண்கலத் தொட்டிக்குச் செய்துவைத்த மர உருளை சுழலும் ஓசை கேட்டதும், அவர் கைகால் கழுவுகிறார் என்று தெரிந்துகொள்வார்கள். பிறகு அவர் வெள்ளித் தட்டோடு பலிபீடத்தின் மேல் ஏறி, நன்கு எரிந்த உட்புறக் கரியை அள்ளிக்கொண்டு இறங்குவார். பலியும் தூபமும் பாட்டும் எக்காளமும் நிறைந்த ஒரு நாள், எவர் கண்ணிலும் படாமல் ஒருவர் சாம்பல் அள்ளுவதில் தொடங்கிற்று. ஆலய வழிபாட்டைத் தங்கமும் பகட்டுமாக மட்டும் எண்ணிப் பார்ப்பவர்கள் இந்த இருட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சாம்பல் அள்ளும் வேலைக்கு முதலில் சீட்டு இருக்கவில்லை. விரும்பியவர் வரலாம், பலர் வந்தால், பலிபீடத்துச் சரிவுப் பாதையில் ஓட்டம். யார் முந்துகிறாரோ அவருக்கு அந்த வேலை. ஒரு நாள் இருவர் சமமாக ஓடியபோது ஒருவர் மற்றவரைத் தள்ள, விழுந்தவருக்குக் கால் முறிந்தது. அதன்பின் நீதிமன்றத்தார் இதற்கும் சீட்டு வைத்தார்கள். மிஷ்னாவை விரித்து விளக்கும் தால்முத் இதைவிடக் கொடிய ஒன்றையும் சொல்கிறது: முந்தி ஓடியவரை இன்னோர் ஆசாரியர் கத்தியால் குத்திவிட்டார். துடித்துக்கொண்டிருந்த மகனருகே வந்த தந்தை, உயிர் இன்னும் பிரியாததால் கத்தி தீட்டாகவில்லை என்று சொன்னாராம். உயிரைவிடப் பாத்திரத்தின் தூய்மை பெரிதாகிப்போன காலம் அது என்று ரபிகள் இதை வேதனையோடு நினைவுகூர்ந்தார்கள். பக்தியின் வேகம் பிடிவாதமாகவும், பிடிவாதம் கொலையாகவும் முடியும் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. அவர்கள் கண்ட மருந்து பக்தியைக் குறைப்பது அல்ல. யார் முதலில் என்ற முடிவைப் பக்தர்களின் கையிலிருந்து எடுத்துவிடுவதே.

ஆகவே ஒவ்வொரு நாளும் நான்கு முறை சீட்டு. ஆசாரியர்கள் வட்டமாக நிற்க, அங்கிருப்போர் தொகையைவிடப் பெரிய ஓர் எண்ணை மேற்பார்வையாளர் சொல்வார். ஒவ்வொருவரும் விரல் நீட்டுவார்கள். அவர் விரல்களை எண்ணிக்கொண்டே சுற்றி வருவார். எண் யாரிடம் முடிகிறதோ அவருக்கு வேலை. இஸ்ரவேலரைத் தலைதலையாக எண்ணக் கூடாது என்பதால்தான் விரலை எண்ணினார்கள். மூன்றாவது சீட்டு தூபம் காட்டுவதற்கு. அதற்கு மட்டும், இதுவரை தூபம் காட்டாதவர்களே வரலாம் என்று அழைப்பு விடுப்பார்கள். தூபம் செல்வம் தரும் என்ற நம்பிக்கை இருந்ததால், ஒருமுறை காட்டியவர் மறுபடி கேட்க முடியாது.

லூக்கா நற்செய்தியின் தொடக்கத்தில் வரும் சகரியா இந்த ஒழுங்குக்குள் நிற்பவர். அவர் அபியாவின் வகுப்பைச் சேர்ந்தவர், வயதானவர். தூபம் காட்டும் சீட்டு அவர் பெயருக்கு விழுகிறது. மிஷ்னா சொல்லும் வழக்கம் அன்றும் இருந்திருந்தால், அந்த முதிய வயதுவரை ஆண்டுக்கு இரண்டு வாரமாக எருசலேமுக்கு வந்துபோனவருக்கு அதுவே முதலும் கடைசியுமான வாய்ப்பு. உள்ளே அவருக்குத் தேவதூதர் காட்சி தருகிறார். வெளியே வரும்போது பேச்சு நின்றுபோயிருக்கிறது. அதன்பின் லூக்கா எழுதும் ஒரு சிறு விவரத்தைப் பலர் கவனிக்காமல் போகிறார்கள். சகரியா உடனே ஊருக்கு ஓடவில்லை. ஊழிய நாட்கள் நிறைவேறிய பிறகே வீட்டுக்குப் போகிறார். வாழ்நாளில் ஒருமுறை நேர்ந்த அதிசயம்கூட அவருடைய வாரத்தைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. ஊமையாகிவிட்ட அந்த முதியவர் எஞ்சிய நாட்களை எந்த வேலையில் கழித்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. விறகு அடுக்க வாய்ப் பேச்சு தேவையில்லை.

ஓய்வுநாளில் வகுப்பு மாறும் விதம் இந்த ஏற்பாட்டின் உச்சம். வெளியேறும் வகுப்பு காலைப் பலியையும் ஓய்வுநாளுக்குரிய கூடுதல் பலியையும் செலுத்தும். புதிதாக வந்த வகுப்பு மாலைப் பலியைச் செலுத்தும். அதே நாளில்தான் பரிசுத்த இடத்தின் மேசையில் கடவுள் முன் ஒரு வாரம் இருந்த 12 சமுகத்தப்பங்களும் மாறும். புது அப்பங்களோடு வருவோர் வடக்கே தென்முகமாக நிற்பார்கள். பழையவற்றை எடுப்போர் தெற்கே வடமுகமாக நிற்பார்கள். இவர்கள் இழுக்க இழுக்க அவர்கள் வைப்பார்கள். ஒரு கையகலம் காலியானால் ஒரு கையகலம் நிரம்பும். மேசை ஒரு கணமும் வெறுமையாக இருக்கக் கூடாது. முழுவதும் எடுத்துவிட்டுப் பிறகு வைத்தாலும் தவறில்லை என்று ரபி யோசே சொன்ன மாற்றுக் கருத்தையும் மிஷ்னா பதிந்திருக்கிறது. எடுத்த அப்பங்களில் பாதி வருவோருக்கு, பாதி போவோருக்கு. போகிறவர்கள் வருகிறவர்களிடம், இந்த வீட்டில் குடியிருப்பவர் உங்களுக்குள் அன்பையும் சகோதர உறவையும் சமாதானத்தையும் தங்கச் செய்வாராக என்ற பொருளில் வாழ்த்திவிட்டுப் போவார்கள். முந்தும் ஆசையில் கால் முறிந்த அதே முற்றத்தில், வேலையை விட்டுப் போகும் நேரத்துக்கென்று ஒரு வாழ்த்தை ஏற்படுத்தி வைத்ததில் அனுபவத்தின் முதிர்ச்சி தெரிகிறது. பிறருக்கு இடம் விடும்போது மனத்தில் வருவது கசப்பா, வாழ்த்தா என்பதை அவர்கள் தற்செயலுக்கு விட்டுவிடவில்லை.

ஒழுங்கு தவறிய இடங்களும் உண்டு. பலிபீடத்தின் வடக்கே பலி விலங்குகளைப் பிணைக்கத் தரையில் 24 வளையங்கள் இருந்தன. பில்கா வகுப்பின் வளையம் மட்டும் திறக்க முடியாதபடி அடைக்கப்பட்டிருந்தது. அதன் கத்தி மாடமும் மூடப்பட்டிருந்தது. இதற்குத் தால்முத் இரண்டு காரணங்கள் சொல்கிறது. முறை வந்தபோது அந்த வகுப்பார் நேரத்துக்கு வரவில்லை; அடுத்திருந்த எசெபெயாபின் வகுப்பார் அவர்கள் இடத்தில் நின்றார்கள் என்பது ஒன்று. மற்றது இன்னும் கனமானது. பில்கா குடும்பத்தின் மிரியாம் என்ற பெண் மதம் மாறிக் கிரேக்கப் படைத்தலைவன் ஒருவனை மணந்தாள். கிரேக்கர் ஆலயத்துக்குள் புகுந்தபோது அவள் செருப்பால் பலிபீடத்தை அடித்து, ஓநாயே, இஸ்ரவேலின் செல்வத்தைத் தின்கிறாய், நெருக்கடியில் துணை நிற்க மாட்டாயா என்று கேட்டாள். அவள் செயலை ரபிகள் தெய்வநிந்தையாகவே கண்டார்கள். ஆனாலும் அவள் கேள்வியை அழிக்காமல் எழுதி வைத்தார்கள். தண்டனை பெற்ற பில்காவின் பெயரையும் வரிசையிலிருந்து நீக்கவில்லை. வளையத்தை இழந்த வகுப்பு, அடுத்தவர் வளையத்தில் பலி கட்டித் தன் வாரத்தைத் தொடர்ந்து செய்தது.

ஆலயத்தின் கடைசிக் காலத்தில் வலிமையுள்ள ஆசாரியர்கள் பலித்தோல்களை மற்றவர் பங்கிலிருந்து பறித்துக்கொண்டார்கள் என்றும் தால்முத் சொல்கிறது. முறையும் சீட்டும் பேராசையை முற்றிலும் தடுத்துவிடவில்லை. பறித்தவர்களைக் களவு செய்தவர்கள் என்று அடையாளம் காட்டவாவது அவை பயன்பட்டன.

பலிபீடத்தின் ஒழுங்கு ஆசாரியரோடு நிற்கவில்லை. மிஷ்னாவின் தானீத் பகுதி ஒரு கேள்வி எழுப்புகிறது. காலையும் மாலையும் செலுத்தும் பலி மக்கள் எல்லோருக்குமானது. தனக்கான பலி நடக்கும்போது ஒருவன் அருகில் இல்லாமல் இருப்பது எப்படி? இதற்கு விடையாகப் பொதுமக்களும் 24 பிரிவுகளானார்கள். ஒரு வகுப்பின் முறை வரும்போது அந்தப் பிரிவின் ஆசாரியரும் லேவியரும் எருசலேமுக்குப் போவார்கள். சாதாரண மக்கள் தங்கள் ஊர்களில் கூடி ஆதியாகமத்தின் படைப்பு வரலாற்றை நாளுக்கு நாள் பகுதி பகுதியாக வாசிப்பார்கள். வாரத்தின் நான்கு நாட்கள் நோன்பு. திங்களன்று கடலில் பயணம் செய்வோருக்காக, செவ்வாயன்று பாலைவனத்தில் நடப்போருக்காக, புதனன்று குழந்தைகளைத் தொண்டை நோய் தாக்காதிருக்க, வியாழனன்று கருவுற்ற பெண்களுக்காகவும் பாலூட்டும் தாய்மாருக்காகவும். வெள்ளியன்று ஓய்வுநாளின் மரியாதைக்காக நோன்பு இல்லை.

எங்கோ ஒரு மலையூரில் கூடிய உழவர்களை இந்த ஏற்பாடு பலிபீடத்தின் அருகே கொண்டுவந்து நிறுத்தியது. ஆலயத்தில் நெருப்பு எரியும்போது, வானமும் கடலும் உயிர்களும் உண்டான கதையை ஊரில் வாசித்தார்கள். இந்தக் கூடுகைகள் இல்லாவிட்டால் வானமும் பூமியும் நிலைத்திரா என்று தால்முத் சொல்வது மிகையாகத் தோன்றலாம். ஆனால் உலகம் தானாக நிற்கவில்லை, யாரோ முறைபோட்டு அதைத் தாங்க வேண்டியிருக்கிறது என்ற உணர்வை இவ்வளவு எளிய மக்களிடம் கொண்டுசேர்த்த சமயங்கள் அதிகம் இல்லை.

சாக்கடல் அருகே கும்ரானில் கிடைத்த சுருள்கள் வகுப்பு முறையை வானத்தோடு இணைக்கின்றன. எருசலேம் ஆசாரியத்தை விட்டு விலகி, அந்தச் சுருள்களை வைத்திருந்த குழுவினர் 364 நாள் கொண்ட ஆண்டைப் பின்பற்றினார்கள். அது சரியாக 52 வாரம். 24 வகுப்புகளும் சுழன்று தொடங்கிய இடத்துக்கே வர ஆறு ஆண்டுகள், அதாவது 312 வாரங்கள். அதற்குள் ஒவ்வொரு வகுப்புக்கும் 13 முறை. விழாக்களையும் நிலவின் நிலைகளையும், காமுல் வாரத்தின் நான்காம் நாள் என்பதுபோல் வகுப்பின் பெயராலேயே குறித்தார்கள். ஆலயத்துக்குள் காலடி வைக்காதவர்கள், யாருடைய வாரம் நடக்கிறது என்பதை நாள் தவறாமல் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை எரித்தபோது முறை யோயாரீபின் வகுப்பிடம் இருந்தது என்பது ரபிகளின் மரபு. கிரேக்க ஆட்சியை எதிர்த்துப் போராடிய மக்கபேயர்களின் தந்தை மத்தத்தியா அந்த வகுப்பினர். வரலாற்றாசிரியர் ஜொசீபஸும் தம் குடும்பம் முதல் வகுப்பைச் சேர்ந்தது என்று பெருமையோடு எழுதியிருக்கிறார். பலிபீடம் போன பிறகும் வரிசை போகவில்லை. பின்னர் ஆசாரியக் குடும்பங்கள் கலிலேயாவின் ஊர்களில் குடியேறின. எந்த வகுப்பு எந்த ஊரில் என்று பட்டியல் எழுதி, ஜெபக்கூடச் சுவர்களில் பதித்தார்கள். செசரியாவில் 1962இல் கிடைத்த பளிங்குத் துண்டுகள் அப்படிப்பட்ட ஒன்றின் பகுதி. பதினெட்டாவது வகுப்பான அப்சேஸ் நாசரேத்தில் இருந்தது என்று அதில் இருக்கிறது. நாசரேத்தின் பெயரைத் தாங்கிய எபிரெயக் கல்வெட்டுகளில் அறியப்பட்ட மிகப் பழையது இதுவே. யேமனில் சனா நகருக்குக் கிழக்கே பைத் ஹாதிர் என்ற ஊரில், மசூதித் தூண் ஒன்றில் இதே பட்டியலின் ஒரு பகுதியை 1970இல் ஜெர்மானிய அறிஞர் வால்டர் முல்லர் கண்டுபிடித்தார். எலெயாசார் கலீர் என்ற புலவர் ஆலய அழிவை நினைத்துப் புலம்பும் நாளுக்காக எழுதிய பாடலிலும் 24 வகுப்புகளின் ஊர்கள் வரிசையாக வருகின்றன.

பாலஸ்தீன யூதர்களின் ஜெபக்கூடங்களில் பல நூற்றாண்டுகள் கழித்தும் ஒவ்வோர் ஓய்வுநாளிலும் அந்த வாரம் எந்த வகுப்புக்கு உரியது என்று அறிவித்து, அது தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். கெய்ரோவின் பழைய ஜெபக்கூடக் களஞ்சியத்து ஏடுகளில் இதற்குச் சான்று இருக்கிறது. பலிபீடம் இல்லை, அப்பம் மாற்ற மேசை இல்லை, சாம்பல் அள்ள நெருப்பில்லை. பெயர் வாசிக்கப்பட்ட வகுப்பார் அந்த வாரம் செய்ய வேண்டிய வேலை எதுவும் எங்கும் இல்லை. ஆனாலும் வாரத்துக்கு உரியவர் பெயரை விடாமல் வாசித்தார்கள். ஏழு நாள் கழித்து அடுத்த வகுப்பின் பெயரை வாசித்தார்கள்.